என் ஒல்லிக்கு நான் பொறுப்பில்லை

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. நானும் அக்காவும் அடுத்தடுத்த இலை. என் இலையில் கேட்காமலே இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது. "நல்லா சாப்பிடுங்க தம்பி, காத்தடிச்சா பறந்துடுவீங்க போல." அக்காவுக்கு முதல் ஜாங்கிரியே வரவில்லை. எதிரே இருந்த சித்தி தடுத்துவிட்டார். "அவளுக்கு எதுக்குப்பா, ஏற்கெனவே..." மீதியைச் சிரித்து முடித்தார்.

ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு சால்னா ஊற்றி நாலு பரோட்டா தின்கிற ஆள் நான். அக்கா ஏழரைக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்வாள். நான் 58 கிலோ, அவள் 86. இதில் எனக்குக் 'கட்டுப்பாடான ஆள்' என்று பெயர் வேறு! சத்தியமாக எனக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. தின்றது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

1986-ல் டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வளர்ந்தபின் அவர்கள் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அக்கா அப்படியே அப்பத்தா. நான் அம்மா வழி.

"அப்ப எல்லாமே ஜீன்தானா? அந்தக் காலத்துல இவ்வளவு குண்டு இருந்தாங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. அஞ்சு வருஷத்தில் ஜீன் மாறாது. சரி, அந்த அஞ்சு வருஷத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் திடீரென்று வாயைக் கட்டத் தெரியாதவர்களாகிவிட்டார்களா? மாறியது சுற்றுப்புறம். அதே சுற்றுப்புறத்தில் ஒருத்தர் உடம்பு ஏறுகிறது, இன்னொருத்தருக்கு ஏறுவதில்லை. அங்கேதான் ஜீன் வேலை செய்கிறது.

2019-ல் அமெரிக்காவில் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் பாக்கெட், டப்பா வகை உணவு. இரண்டு வாரம் சாதாரணச் சமையல். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மனவுறுதி அதேதான், சாப்பாடுதான் வேறு.

பொறுப்பே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. அக்கா தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். ஒருமுறை 11 கிலோ குறைத்தாள். ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தது. எடை குறைந்தால் உடம்பு கலோரிச் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைக் கூட்டும். சித்திக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது! (சித்தியும் ஒல்லி.)

முன்பெல்லாம் அக்கா காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். நடைபாதை முழுக்க பைக், போதாததற்கு நாய் வேறு துரத்தியது. இப்போது மொட்டை மாடியில் நாற்பது சுற்று, விரல்விட்டு எண்ணி. போன வாரம் நானும் கூடப் போனேன். பதினைந்தாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் நாற்பதையும் முடித்தாள். இறங்கி வரும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி உடம்பை நல்லா வச்சிருக்கீங்க. அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லுங்க."