வெள்ளி, தங்கத்தின் தம்பி அல்ல

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, தங்கம் இனி நம்ம கைக்கு எட்டாது. வெள்ளிதான் அடுத்த தங்கம்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு கிலோ கட்டி வாங்கிப் போடட்டுமா?"

சிரிப்பு வந்தது. 2011 ஏப்ரலில் இதே பேச்சை நம்பி ஒரு கிலோ கட்டி வாங்கியவன் நான். அப்போது கிலோ 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உலகச் சந்தையில் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) 50 டாலரை நெருங்கியிருந்தது. அங்கிருந்து திரும்பியதுதான், 2015 கடைசியில் கிலோ 35 ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. பழைய விலை மறுபடி கண்ணில் பட 2020 ஆகிவிட்டது. அதற்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நான் விற்று முடித்திருந்தேன். விற்கும்போது கடையில் கழிவு பிடித்தது தனிக்கதை.

இரண்டும் ஒரே நகைக்கடையில் இருப்பதால் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறோம். இதுவரை தோண்டிய தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல். அதில் பெரும்பகுதி இன்றும் யாரோ ஒருவரின் கழுத்திலோ பீரோவிலோ வங்கிப் பெட்டகத்திலோ பத்திரமாக இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுக்குப் புதிதாகச் சேர்ப்பது சுமார் 3,600 டன்தான். ஆகவே வைத்திருப்பவர் விற்கிறாரா, இன்னும் வாங்குகிறாரா என்பதுதான் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர்கள் விற்க வரப்போவதில்லை.

வெள்ளிக்கு அப்படியொரு வாங்குபவர் கிடையாது. பாதிக்கு மேல் போவது தொழிற்சாலைகளுக்கு: சோலார் தகடு, மின்னணுச் சாமான், கார். வரத்தோ இன்னும் விசித்திரம். தோண்டும் வெள்ளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு துத்தநாகம், ஈயம், செம்பு, தங்கம் எடுக்கும் இடங்களில் கூடவே கிடைப்பது. தேங்காய் மட்டைக்கு விலை ஏறிவிட்டது என்று யாராவது தென்னந்தோப்பு போடுவார்களா? அதுபோலத்தான், வெள்ளி விலை இரண்டு மடங்கானாலும் வரத்து சட்டென்று கூடாது. 2021 முதல் ஆண்டுதோறும் தேவை வரத்தை மிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளி வாங்கச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். இதுவரை சொன்னது உண்மைதான். ஆனால் விலை ஏறினால் தொழிற்சாலைக்காரர் சும்மா இருப்பாரா? சோலார் தகட்டில் தலைமுடியை விட மெல்லியதாக ஓடும் வெள்ளிக் கோட்டை இன்னும் மெல்லியதாக்குகிறார்; செம்புக்கு மாறப் பார்க்கிறார். தாலியைச் செம்பில் செய்ய எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டார். சோலார் கம்பெனிக்காரர் இன்றைக்கே சம்மதிப்பார்.

1980-ல் அமெரிக்காவின் எண்ணெய்ப் பணக்காரர்களான ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தபோது ஜனவரியில் அவுன்ஸ் கிட்டத்தட்ட 50 டாலர். மார்ச் 27, ஒரே நாளில் விலை சரிந்து விழுந்தது. அந்த 50 டாலரைத் தாண்டி வெள்ளி நிலைக்க 2025 வரை ஆனது. 45 வருடம்! அதற்குள் டாலரின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். "விலை ஏறினா எங்களுக்குக் கொண்டாட்டம்னு ஊர் நினைக்குது. கனமான கொலுசை யாரும் கேக்கறதே இல்ல. கூலி எடைக்கணக்கு, எடை குறைஞ்சா கூலியும் குறையுது" என்றார்.

மருமகனிடம் சொன்னது இதுதான்: வாங்கு, ஆனால் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதையும் மாதாமாதம் பிரித்து வாங்கு. 2025 அக்டோபரில் இங்கே வெள்ளி தட்டுப்பாடாகி, உலக விலையை விடக் கூடுதலாக விற்றது. சில பரஸ்பர நிதி (மியூச்சுவல் ஃபண்ட்) நிறுவனங்களே தங்கள் வெள்ளித் திட்டங்களில் ஒரே தடவையில் மொத்தமாகப் போடும் பணத்தை வாங்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. விற்கிறவரே இப்போது வேண்டாம் என்று சொல்லும் நாளில் ஓடிப்போய் வாங்காதே என்றேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "சரி மாமா, அப்ப ஒரு கிலோ மட்டும்."