ஹாலோவும் ஜூல்ஸும்: சுத்திட்டு இருக்கற மெசேஜ் தப்பு

"ரேஸ் டிரைவர் ஜூல்ஸ் பியாங்கி செத்ததுனாலதான் ஃபார்முலா 1 கார்ல ஹாலோ (டிரைவர் தலையைச் சுத்தி இருக்கற பாதுகாப்பு வளையம்) வந்துச்சு, அன்னைக்கே அது இருந்திருந்தா பொழச்சிருப்பான்"னு, இன்னொரு எஃப்1 டிரைவர் லெக்லெரோட போட்டோவைப் போட்டு, ஜூல்ஸ் அவருக்கு ஞானத்தகப்பன்னும் சொல்லி ஒரு மெசேஜ் சுத்துது. ஹாலோ பத்தி சொன்ன ரெண்டுமே சரியில்லைங்க. 2014 அக்டோபர் 5, ஜப்பான்ல சுசூகா டிராக்ல மழை, இன்னொரு டிரைவர் சுட்டிலோட காரை எடுக்க வந்த கிரேன் வண்டி மேலதான் ஜூல்ஸ் கார் மோதுச்சு, அது பல டன் எடை, மோதின வேகம் மட்டும் மணிக்கு 126 கிமீ, அவ்ளோ விசைல மூளைல ஏற்பட்ட காயத்தை ஹாலோ தடுத்திருக்காதுன்னு எஃப்ஐஏ (கார் ரேஸ்களுக்கான உலக அமைப்பு) ஆராய்ஞ்சே சொல்லிடுச்சு. ஒன்பது மாசம் கோமா, 2015 ஜூலை 17ல போயிட்டான், வயசு 25தான்.

ஹாலோ (2018ல இருந்து கட்டாயம்) வந்ததுக்கு பின்னாடி வேற பேர்களும் இருக்கு: 2009ல கழண்டு வந்த சக்கரம் தலைல பட்டு இறந்த ஹென்றி சர்ட்டீஸ், 2015ல உடைஞ்ச கார் துண்டு அடிச்சு இறந்த ஜஸ்டின் வில்சன். அவங்களையும் மறந்துடாதீங்கப்பா.

ஜூல்ஸ் விபத்தால நேரடியா வந்தது வர்ச்சுவல் சேஃப்டி கார், 2015ல இருந்து. டிராக்ல ஆபத்துன்னு இதை அறிவிச்சுட்டா எல்லா காரும் ஒரே நேரத்துல வேகத்தை குறைச்சே ஆகணும், எச்சரிக்கை மஞ்சக்கொடிய பாத்து அவனவன் இஷ்டத்துக்கு குறைக்கற கதையெல்லாம் இல்ல. ஜூல்ஸோட கார் நம்பர் 17ஐயும் யாருக்கும் குடுக்கறதில்ல. லெக்லெருக்கு ஜூல்ஸ் ஞானத்தகப்பன்ங்கறது மட்டும் அந்த மெசேஜ்ல உண்மை.