சுவரில் ஏறிய முதலை

விஞ்ஞானிகளுக்கு வைக்கிற சிலைகளில் பாதி எனக்குப் பிடிப்பதில்லை. மார்பளவு வெண்கலம், கோட்டு, டை, எங்கோ வெறிக்கிற பார்வை. பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று சொல்லிவிடலாம்.

அணுக்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டுக்குக் கேம்பிரிட்ஜில் வேறு மாதிரி ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள். மாண்ட் ஆய்வகச் சுவரில் ஒரு முதலை. வால் கீழே, தலை மேலே, சுவரேறும் பல்லி போல. தனிக்கல்லில் செய்து பதித்ததல்ல. சிற்பி எரிக் கில் செங்கல் சுவரிலேயே கோடுகளாக வெட்டியது. அதன் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள், செங்கலுக்கு நடுவே ஓடும் சாந்துக் கோடுகள் முதலையின் உடம்புக்குள்ளும் ஓடும்.

செதுக்கச் சொன்னவர் ரூதர்ஃபோர்டின் ரஷ்ய சீடர் பியோத்தர் கபிட்சா. ஆய்வகம் 1933 பிப்ரவரியில் அவருக்காகவே திறக்கப்பட்டது. குருவுக்கு ‘முதலை’ என்று பட்டப்பெயர் வைத்தவரும் அவரே. ஏன் என்று கேட்டவர்களிடம், முதலைக்குக் கழுத்து திரும்பாது, வாயைப் பிளந்துகொண்டு முன்னால் போகத்தான் தெரியும், அறிவியலும் ரூதர்ஃபோர்டும் அப்படித்தான் என்றாராம். வேறு விளக்கங்களும் உலவுகின்றன. நம் ஊரில் முதலைக்குக் கெட்ட பெயர்தான்: முதலைக் கண்ணீர், ‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’. அந்தப் பழமொழி ரூதர்ஃபோர்டுக்கும் பொருந்தும். கதிரியக்கப் பொருள்கள் உமிழும் ஆல்ஃபா துகளைப் பிடித்தவர், கடைசிவரை விடவில்லை மனுஷன்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், திரும்பத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவருக்குப் புகழ் வந்ததே திரும்பி வந்த துகள்களால்தான். 1909இல் அவரிடம் வேலை பார்த்த கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். ஏறக்குறைய எல்லாமே ஊடுருவிப் போயின. ஆயிரக்கணக்கில் ஒன்று வந்த வழியே திரும்பியது. அந்த ஒன்றை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ரூதர்ஃபோர்டு ஒதுக்கவில்லை. அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனமான கரு இருக்கிறது என்று 1911இல் எழுதினார்.

அதே கட்டடத்துக்குள் ரூதர்ஃபோர்டின் முகத்தையும் கில் செதுக்கினார். சண்டை வந்தது அதற்குத்தான். மூக்கு சரியில்லை என்று சிலர் கொதித்தார்கள். கடைசியில் கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போரிடம் கருத்துக் கேட்க, அவர் அருமை என்றுவிட்டார். அணு எப்படி இருக்கும் என்று மாதிரி வகுத்துப் பேர்போன இயற்பியலாளரை மூக்குப் பஞ்சாயத்துக்கு இழுத்திருக்கிறார்கள்! முதலையின் மூக்கைப் பற்றி யார் புகார் சொல்ல முடியும்? ஆள் மாதிரியே இருக்க வேண்டும் என்று கிளம்பினால் இந்தத் தொல்லைதான்.

கில் தன் மகள்களுக்குச் செய்த கொடுமைகள் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தன. அது தெரிந்த பிறகு அவருடைய எதையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. இருந்தாலும் இந்த முதலையை அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கு அது கபிட்சாவின் முதலை.

அவரும் அதன் அருகில் அதிக நாள் இருக்கவில்லை. 1934இல் சோவியத்துக்குப் போனவரைத் திரும்ப விடவில்லை. ரூதர்ஃபோர்டு எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. சரி, ஆள் வரமாட்டான், கருவிகளாவது போகட்டும் என்று ஆய்வகத்தின் பெரிய கருவிகளை 30,000 பவுண்டுக்கு சோவியத்துக்கு விற்க ஏற்பாடு செய்தார். 1937இல் இறந்தும் போனார். கபிட்சா மறுபடி கேம்பிரிட்ஜுக்கு வந்தது 1966இல். முதலை மட்டும் அதே சுவரில் இருந்தது.