ஸ்கேன் அறைக்குப் போனாலே கொரோனா தொற்றுமா?

"சி.டி. ஸ்கேன் மெஷினில் கொரோனா ஒட்டியிருக்கும், பக்கவாதமே வந்தாலும் ஸ்கேனுக்குப் போகாதீர்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பயம் புரிகிறது. ஆனால் இது தவறு, உயிருக்கே ஆபத்து.

பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன. மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதியாக வேண்டும்.

சரி, தொற்று? நோயாளி படுத்த மேசை, தலை வைத்த இடம், கட்டிய பெல்ட் எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்துக் காயவிடுகிறார்கள். அறைக்காற்று மணிக்கு 12 முறை மாறினால், காற்றில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் சுமார் 23 நிமிடத்தில் வெளியேறிவிடும்.

முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்புங்கள்.