கோணல் தலைப்பாகை

"இனி கோயில் கொளம்னு நிம்மதியா இருங்கப்பா."

போன வாரம் மகன் போனில் சொன்னது. பாசமாகத்தான் சொன்னான். ஆனாலும் போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எரிச்சல் அடங்கவில்லை. நம் வீடுகளில் இந்த வார்த்தையை எப்போது எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக் காரியத்தில் தலையிடாதே என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. பத்திரப் பதிவா, பேத்திக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, நாம் வாய் திறக்கக் கூடாது. பழைய டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றுவது போல நம்மைச் சாமியிடம் ஏற்றிவிடுகிறார்கள்.

எனக்கு 68 வயது. 31 வருசம் பஸ்ஸில் கண்டக்டர். பக்திக்கும் எனக்கும் முன்பு பெரிய ஒட்டுதல் கிடையாது. ஊர் நிழல்தாங்கலில், அதாவது எங்கள் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் சின்னக் கோயிலில், திருநாள் வந்தால் பந்தல் போடவும் அன்னதர்மத்துக்குப் பெரிய சமையல் வார்ப்பு இறக்கவும் ஓடுவேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும் வழிபாட்டுப் படிப்பு நேரத்தில் வெளியே நின்று கதையளப்பேன். ரிட்டையர் ஆன பிறகுதான் உள்ளே போனேன். அதுவும் வீட்டில் பொழுது போகாமல்தான்.

அய்யாவழி, அதாவது அய்யா வைகுண்டர் காட்டிய வழி, தெரியாதவர்களுக்காக ஒன்று. தலைமைக் கோயிலான சாமிதோப்பு பதியானாலும் எங்கள் ஊர்த் தாங்கலானாலும் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்கு இருக்கும், கண்ணாடி இருக்கும். கும்பிடப் போனால் நம் முகம்தான் தெரியும். ஏன் என்று கேட்டால் 'அய்யா உனக்குள்ளே இருக்கார்' என்பார்கள். சின்ன வயசிலேயே கேட்டுக் காது புளித்த பதில்.

ஒருநாள் விடியற்காலம் உகப்படிப்பு என்ற வழிபாட்டுக்கு நிற்கிறேன். கண்ணாடியில் என் அப்பா நிற்கிறார். தொங்கின தாடை, இடது புருவத்தில் மட்டும் நீண்டு வளைந்த இரண்டு நரைமுடி. ஷேவ் பண்ணும்போது தினமும் பார்க்கிற முகம்தானே என்பீர்கள். ஷேவ் பண்ணும்போது கன்னத்தைப் பார்ப்போம், மீசை ஓரத்தைப் பார்ப்போம், முகத்தை யார் பார்த்தார்? இங்கே சட்டையில்லாமல், விளக்கு வெளிச்சத்தில், ஒரு கிழவனைக் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறேன். ஒரே கூச்சம். படிப்பு முடியாமல் கையை இறக்கவும் முடியாது. முடிவதற்குள், சரி, இனிமேல் நம்ம ஆள் இவன்தான் என்று ஆகிவிட்டது. எனக்குக் கிடைத்த ஞானம் அவ்வளவுதான். ஆனால் தலைக்கு மை அடிப்பதை அந்த மாசமே விட்டேன்.

கும்பிட்டால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூன்று வருசமாக என் வலது தோள் மேலே எழும்பாது. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படித் தோள் இறுகுவது உண்டு என்றார் டாக்டர். எத்தனையோ நாள் திருமண் பூசியும் பார்த்தாயிற்று. தோள் தோளாகவே இருக்கிறது.

அய்யா 1809-ல் பூவண்டன்தோப்பில் பிறந்து 1851-ல் வைகுண்டம் போனவர். 42 வயது. மூட்டுவலி என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாள் வலியில் சண்டைகூடப் போட்டேன். ஆனால் தலையில் துணி கட்ட எங்கள் ஆட்களுக்கு உரிமை இல்லாத திருவிதாங்கூரில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடு என்றவர் அவர். சுசீந்திரம் கோயிலுக்குள் எங்களை விட்டதே 1936 நவம்பர் கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பிறகு. அதன் பிறகும் என் பாட்டா அங்கே போகவில்லை. "எனக்கு என் தாங்கல் போதும் மக்களே" என்பார்.

அந்தத் தலைப்பாகையை என்னால் கட்ட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய அடி. கை தோளுக்கு மேல் போனால்தானே கட்ட! ஒருத்தரிடம் கேட்க வெட்கப்பட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குப் போகவே இல்லை.

அப்போதுதான் என்னோடு வண்டி ஓட்டிய டிரைவரைப் பார்க்கப் போனேன். கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். சர்வீஸில் இருந்தபோது ஸ்டீயரிங்கைத் தவிர எதையும் கும்பிட மாட்டார். இப்போது நடுக்குவாதம். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கை ஆட ஆட மணி நாற்காலிக் கையில் டக்டக்கென்று தட்டியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முன்ன நாம உருட்டணும். இப்ப தானா உருளுது கேட்டியா" என்று சிரித்தார். அவர் மகள் கட்டஞ்சாயா கொண்டுவந்து டம்ளரை அவர் வாயில் பிடித்தாள். அவர் குடித்தார். ஒரு சங்கடமும் இல்லை அந்த முகத்தில். டிக்கெட் மிச்சம் எட்டணாவுக்குச் சண்டை பிடித்த பயணியிடம் நானாவது இறங்கிப் பேசுவேன், அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அடிக்கவே போவார். அந்த மனுசன்!

அடுத்த ஞாயிறு நானும் போனேன். பணிவிடைக்காரர் வீட்டுப் பேரன், ஏழாம் வகுப்பு படிக்கிறவன், என் கையில் இருந்த துண்டைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"பாட்டா, கொஞ்சம் குனிங்க."

குனிந்தேன். அவசரத்தில் இறுக்கிக் கட்டி, முடிச்சைக் காதுக்கு மேல் கொண்டுபோய்ச் செருகிவிட்டு விளையாட ஓடிவிட்டான். இப்போது வாராவாரம் அவன்தான். ஒருநாளும் நேராகக் கட்டினதில்லை. கண்ணாடியில் கோணலாகத்தான் தெரியும். இடது கை நல்லாயிருக்கிறது, சரிசெய்யலாம். நான் தொடுவதில்லை.