கால் சுரமும் நான்கு நிமிடப் பாட்டும்

அரபு பாப் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "எல்லாம் ஒரே ஹபீபி ('என் அன்பே') பாட்டு" என்று நண்பர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த அலெக்சாந்திரியாக்காரர் ஒருவர், தினமும் தம் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் எகிப்தியப் பாடகி ஷெரீன் அப்தெல் வஹாபின் பாடல்களைப் போடுவார். தாளத்தைக் கவனிக்காமல், வரியின் கடைசி எழுத்தில் அந்தப் பெண்ணின் குரல் எங்கே போய் இறங்குகிறது என்று மட்டும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பாட்டுகள் எனக்கு வேறாகிவிட்டன.

அரபு இசையில் 'தரப்' என்றொரு சொல் உண்டு. பாடுபவரும் கேட்பவரும் சேர்ந்து தம்மை மறந்து போகிற பரவச நிலைக்கு அது பெயர். எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம்மு குல்தூம் ஒரே வரியைப் பலமுறை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பாட, அரங்கம் மேலும் கேட்டு ஆரவாரிக்க, 1964இல் முகமது அப்துல் வஹாபின் இசையில் வந்த 'எந்த்த உம்ரி' போன்ற பாடல் ஒரு மணி நேரம் வரை நீளும். உம்மு குல்தூம் 1975இல் மறைந்தார். அதன் பிறகு ஒலிநாடாவும் கீபோர்டும் சேர்ந்து பாட்டை நான்கு நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டன என்றும், தரப் அதோடு செத்துவிட்டது என்றும் அரபு நாட்டுப் பெரியவர்கள் பலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் தரப் சாகவில்லை, சுருங்கிய இடத்துக்குள் தன்னை அடக்கிக்கொண்டது என்பதே என் கருத்து, இன்றைய பாடல்களின் கவர்ச்சியும் அங்கேதான் இருக்கிறது.

லிபியாவின் பெங்காசி நகரிலிருந்து கெய்ரோவுக்கு வந்த ஹமீத் அல் ஷாயிரி, எண்பதுகளில் தாள எந்திரத்தையும் கைதட்டலையும் கீபோர்டையும் வைத்து அமைத்த இசைக்கு 'ஜீல்', அதாவது தலைமுறை, என்று பெயர் வந்தது. 1996இல் அம்ர் தியாப் பாடிய 'நூர் அல் ஐன்' பாடலுக்கு இசைக்கோர்ப்புச் செய்தவரும் அவரே. அதில் ஸ்பானிய பாணி கித்தார் இருக்கிறது, அக்கார்டியன் இருக்கிறது, உலகின் எந்த நடன அரங்கிலும் ஒலிக்கக்கூடிய துடிப்பும் இருக்கிறது. ஆனாலும் குரல் ஒரு வரியை முடித்ததும் வாத்தியங்கள் ஒரு சிறு சொற்றொடரால் அதற்குப் பதில் சொல்லும் 'லாஸிமா' என்ற பழைய வழக்கம் இந்தப் பாணிப் பாடல்களிலிருந்து போகவே இல்லை. தர்புகா என்ற கைமுழவில் 'தும்-தெக், தெக்-தும், தெக்' என்று நடக்கும் மக்சூம் தாளமும் போகவில்லை. தாளமில்லாமல் குரல் தனியே உலாவும் மவ்வால், பழைய கச்சேரியில் பல நிமிடங்கள் நீண்டது, இப்போது பத்து இருபது நொடிகளில் முடிகிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே நான் சில பாடல்களைத் திரும்பப் போடுவதுண்டு.

சுரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய அரபு பாப் பாடல்களில் மிகுதியாகக் கேட்கும் மக்காம்கள், அதாவது நம் ராகம் போன்ற சுர அமைப்புகள், குர்தும் நஹாவந்தும். கர்நாடக இசை பழகிய காதுக்கு முதலாவது அனுமத்தோடியின் சுர வரிசையாகவும் இரண்டாவது நடபைரவியின் சுர வரிசையாகவும் படும் (வரிசைதான் ஒன்று, கமகமும் போக்கும் வேறு). இவ்விரண்டும் மேற்கத்திய கார்டுகளோடு (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களோடு) எளிதில் ஒத்துப்போவதால்தான் இவ்வளவு பெருகியிருக்கின்றன. பயாத்தி, ராஸ்த் போன்றவை அப்படி இணங்குவதில்லை. பயாத்தியின் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் ஏறத்தாழ நடுவே நிற்கும்; ராஸ்தின் மூன்றாம் சுரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. இதற்காகவே யமஹா போன்ற நிறுவனங்கள் இப்படி இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் கால் சுரம் ஒலிக்கும்படி மாற்றிக்கொள்ளக்கூடிய கீபோர்டுகளை அரபுச் சந்தைக்கெனத் தனியாகச் செய்கின்றன. நல்ல இசைக்கோர்ப்பாளர் பாட்டு அந்தச் சுரத்தை நெருங்கும்போது கித்தாரையும் பியானோவையும் ஒதுக்கி, வயலின்களையும் குரலையும் மட்டும் விட்டுவைப்பார். நடனத்துக்கென்று போட்ட பாட்டின் நடுவே திடீரென்று தரை விலகுவது போன்ற அந்த உணர்வை வேறெந்த நாட்டு பாப் இசையும் எனக்குத் தந்ததில்லை. குர்தும் நஹாவந்துமே போதும் என்று ஆகிவிடுமோ என்பதுதான் என் உண்மையான கவலை.

மொழியின் அழகையும் விட்டுவிட முடியாது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே வாழும் நமக்கு இது உடனே புரியும். 'என் இதயம்' என்பதற்கான சொல் எழுத்து அரபில் அடித்தொண்டைக் ககரத்தோடு 'கல்பி'. வளைகுடாவில் அது 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போல மெலியும். கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் அந்த மெய்யே கரைந்து 'அல்பி' ஆகிவிடும். ஒரு பாடகர் எந்த 'இதயத்தை'ப் பாடுகிறார் என்பதைக் கேட்டே எந்த ஊர் வழக்கு என்று சொல்லிவிடலாம். ஈராக்கியரான காஸிம் அல் ஸாஹிர், நிஸார் கப்பானியின் கவிதைகளை எழுத்து அரபிலேயே பாடி மக்களிடம் கொண்டுபோனார். எமிரேட்ஸ்காரரான ஹுசைன் அல் ஜஸ்மி 2014இல் 'புஷ்ரத் ஹைர்' பாடலை எகிப்திய வழக்கில் பாடினார். நண்பர்கள் ஒதுக்குகிற 'ஹபீபி'கூட ஆண்பாற்சொல். ஆண் பாடகர் பெண்ணை நினைத்துப் பாடும்போதும் பெரும்பாலும் அதையே சொல்வது பழைய கவிதை மரபின் எச்சம்.

லெபனான் பாடகியரின் காணொளிப் பாடல்கள் உடையையும் முகத்தையும் விற்பவை என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் 2003இல் நான்சி அஜ்ரமின் 'அகாஸ்மக் ஆ' காணொளியை இயக்கிய நதீன் லபகிதான் பின்னாளில் கான் திரைப்பட விழாவில் விருது பெற்ற இயக்குநர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் எகிப்திய இசைக்கலைஞர் சங்கம், கெய்ரோவின் எளிய குடியிருப்புகளில் திருமணக் கொண்டாட்டங்களிலிருந்து பிறந்த மஹ்ரகானாத் என்ற இசையைப் பாடுவோர் பொது மேடைகளில் பாடத் தடை விதித்தது. எழுபதுகளில் அகமது அதவியாவின் தெருப்பாட்டுகளையும் கொச்சை என்று அரசு வானொலி விலக்கியே வைத்திருந்தது; ஒலிநாடா அவரை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது, இன்று அவரை மரபின் பகுதியாகவே கொண்டாடுகிறார்கள். மஹ்ரகானாத்தின் இரைச்சல் எனக்கும் எப்போதும் பிடிப்பதில்லை. ஆனால் சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூன் நெளிக்கும் அந்தக் குரல்களுக்குள் பழைய மவ்வாலின் ஏக்கம் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது, அதைத் தடைசெய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாசரேத்தில் பிறந்த பாடகி எலியானா 2023இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் தம் நிகழ்ச்சி முழுவதையும் அரபியிலேயே பாடியபோது, மொழி தெரியாத கூட்டமும் கூடவே ஆடியது.

கேட்கத் தொடங்க விரும்புவோர் ஷெரீனின் 'ஆ யா லேல்' பாடலிலிருந்து தொடங்கலாம். முதல் முறை ஆடுவதற்காகக் கேளுங்கள். இரண்டாம் முறை ஹெட்போன் போட்டுக்கொண்டு, 'லேல்' என்ற சொல்லை அவர் ஒவ்வொரு தடவையும் எப்படி முடிக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.