பாதுகாப்பாம் பாதுகாப்பு!

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கொதிக்கிறேன் என்று தெரியும். ஆதரின் லூசி, அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி; வெள்ளையர் கும்பல் தாக்கியதும் இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவர் பேச்சு வந்ததும் நேரலையில் பேசிய அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "பல்கலைக்கழகம் வேறென்ன செய்திருக்க முடியும்? பொண்ணோட உயிர் முக்கியமில்லையா?"

அடடா, என்ன அக்கறை! 1952இல் அலபாமா பல்கலைக்கழகம் லூசிக்கு இடம் கொடுத்தது. கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் கையை விரித்தது. கறுப்பின உரிமைகளுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் போன்ற வழக்கறிஞர்கள் வழக்காடி, உச்ச நீதிமன்றம் வரை போய், 1956 பிப்ரவரி 3ஆம் தேதிதான் வகுப்பில் உட்கார முடிந்தது. அப்போதும் விடுதி கிடையாது, சாப்பாட்டுக்கூடம் கிடையாது. 6ஆம் தேதி கும்பல் முட்டையும் கல்லுமாக எறிந்தது. போலீஸ் காரில்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அன்றே நடவடிக்கை. யார்மேல்? லூசிமேல்! "பாதுகாப்புக்காக" இடைநீக்கம்.

அடி வாங்கியவரை வெளியே அனுப்பிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

எங்கள் கல்லூரி வாசலில் பையன்கள் தொல்லை என்று எழுதிக் கொடுத்தோம். மறுநாளே உத்தரவு: பெண்கள் ஐந்து மணிக்குள் விடுதிக்கு வந்துவிட வேண்டும். நூலகம் எட்டு மணி வரை. பிராக்டிகல் முடித்து, கையில் ஆசிட் கறையோடு ஓடி வருவோம். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்பார் வார்டன். பையன்கள் அதே மதகில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றில்லை, தெரியும். அந்த "நல்லதுக்குத்தான்" மட்டும் அதேதான்.

"நிர்வாகமும் கும்பலும் கூட்டு என்று லூசி தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதை நிரூபிக்க முடியவில்லையே?" சரி, முடியவில்லை. அப்படிச் சொன்னார் என்பதற்காக அவரை நிரந்தரமாகவே நீக்குவதா? "கும்பலைத் தூண்டிய மாணவனையும் நீக்கினார்களே?" நீக்கினார்கள், லூசியை நீக்கிய பிறகு! அடுத்த கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தது 1963இல். அப்போதும் அலபாமா ஆளுநர் வாலஸ் அவர்களை விடாமல் வாசலை மறித்து நின்றார்.

"கடைசியில் பட்டம் கொடுத்தார்களே, கட்டடத்துக்குப் பெயரே வைத்தார்களே!" ஆமாம் ஐயா. நீக்கத்தை ரத்து செய்ய 1988 ஆனது. முதுகலைப் பட்டம் 1992இல், மகள் பட்டம் வாங்கிய அதே சமயத்தில். கட்டடக் கதை இன்னும் அழகு. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உள்ளூர்த் தலைவராக ஒரு காலத்தில் இருந்த பிப் கிரேவ்ஸ் பெயர்தான் அதில் இருந்தது. 2022இல் அந்தப் பெயரை எடுக்காமல், பக்கத்தில் லூசி பெயரை ஒட்டினார்கள். ஊரே காறித் துப்பிய பிறகுதான் கிரேவ்ஸ் போனார். அடுத்த மாதமே லூசி இறந்துவிட்டார். அண்ணன் இதற்கும் "வேறென்ன செய்திருக்க முடியும்" என்பாரோ?